மார்கழி மணல்மேட்டுல மட்டைச் சறுக்கு: யாருக்கெல்லாம் நினைவிருக்கு?

வாடைக்காற்று (வாலிநோக்கம் பக்கம், இப்போ ஸ்கார்பரோ)

எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவு சமயத்துல பிள்ளைகளோட ஊருக்கு வர்றோம். ரெண்டு பேரும் கனடாவுல பொறந்து வளந்தவங்க. இங்க ஜனவரி வந்துட்டா பிளாஸ்டிக் சறுக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டு பூங்கா மேட்டுக்கு ஓடிருவாங்க. 2024 தொடக்கத்துல டொராண்டோ மாநகராட்சி 45 மேடுகள்ல சறுக்கக் கூடாதுன்னு பலகை வச்சுருச்சு. மரம் இருக்கு, சரிவு போய் முடியிற இடத்துல ரோடு இருக்குன்னு காரணம் சொன்னாங்க. பெரியவ அன்னைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. அவகிட்டதான் சொன்னேன், "நானும் உன் வயசுல சறுக்குவேன், பனை மட்டையில, மணல்மேட்டுல"ன்னு. அன்னையிலருந்து விடமாட்டேங்குறா. மட்டை எப்படி இருக்கும், எவ்வளவு வேகம் போகும், விழுந்தா வலிக்குமா, எல்லாம் கேக்குறா.

இப்ப எனக்கு உங்க உதவி வேணும். வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர் வரிசையில பிள்ளைங்க சறுக்குற மாதிரி மேடு இன்னும் இருக்கா? மட்டையைத் தயார் பண்ணின ஞாபகம் யாருக்காவது முழுசா இருக்கா? எங்க அண்ணன்தான் எனக்குச் செஞ்சு குடுக்கும், அதனால எனக்குக் கைப்பழக்கம் இல்ல. இன்னொண்ணு, சரிவுல தண்ணி தெளிக்கணும்னு அண்ணன் சொல்லுது, காஞ்ச மணல்லதான் போவோம்னு எனக்கு ஞாபகம். போன்ல பேசுறப்பல்லாம் இதே வழக்குதான்.

பனங்காட்டான் (சாயல்குடி)

வாங்க தங்கச்சி. மட்டையைப் பத்தி நான் சொல்றேன், எங்க அய்யா பனையேறி.

பச்சை ஓலை வேண்டாம். கனமா இருக்கும், சறுக்காம மணலைத் தோண்டும். தானா காஞ்சு தொங்குற காவோலைதான் வேணும், ஆனா முறுமுறுன்னு நொறுங்குற அளவுக்குப் பழசாவும் இருக்கக்கூடாது. ஓலைப் பக்கத்துல உக்காரணும், மட்டைக் காம்பு முன்னால வரணும். ரெண்டு காலுக்கும் நடுவுல காம்பைத் தூக்கிப் பிடிச்சாத்தான் மூக்கு மணல்ல குத்தாது. திருப்பத்துக்கும் அதுதான் பிடி. ஓலையோட ஈர்க்கு எல்லாம் காம்புலருந்து விரிஞ்சு பின்னால போகுது பாருங்க, அதனால முன்னால இழுத்தா வழுவழுன்னு போகும். திருப்பிப் போட்டு உக்காந்தீங்கன்னா ஒவ்வொரு மடிப்பும் மணலை அள்ளிக்கிட்டு நின்னுரும்.

முக்கியமானது கருக்கு. மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி கருப்பா இருக்குமே, அது தொடையைக் கிழிச்சுரும். அரிவாளைச் சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு பக்கமும் சீவி எடுத்துட்டு, மேல பழைய வேட்டித் துணியைச் சுத்திக் கட்டணும். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் துணி. எங்க அய்யா கருக்கு எடுக்காத மட்டையைக் கையில பாத்தாரு, பிடுங்கி அடுப்புல வச்சுருவாரு.

ஏன் மார்கழி, தையில மட்டும் இந்த விளையாட்டுன்னு யோசிச்சிருக்கீங்களா? பதநீர் எறக்குறதுக்கு முன்னாடி மரத்தைச் சுத்தம் பண்ணுவாங்க. காஞ்ச ஓலையெல்லாம் கழிச்சுப் போடுவாங்க. அப்ப பனையடியில குமிஞ்சு கிடக்கும், எந்தப் பிள்ளையும் எடுக்கலாம். மத்த மாசத்துல ஒரு ஓலை எடுத்தாலும் கூரைக்கு, வேலிக்குன்னு யாராவது கணக்கு வச்சிருப்பாங்க.

கீழக்கரை லாத்தா

அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். ஓலை எடுத்து வர்றது ஆம்பளப் பிள்ளைங்க வேலைன்னு எங்க பக்கம் வச்சிருந்தாங்க. ஓலை கிடைக்காத எங்களுக்கு உரச்சாக்குதான். உள்ளுக்குள்ள கொஞ்சம் வைக்கோலைத் திணிச்சு, வாயைக் கட்டி, மேல உக்காந்துக்குவோம். வேகம் அவ்வளவு வராது, ஆனா ஒரே சாக்குல மூணு பேர் ஏறலாம்.

லீவுக்கு ஏர்வாடிப் பக்கம் எங்க கண்ணும்மா வீட்டுக்குப் போவோம். லுஹர் தொழுகை முடிஞ்சு பெரியவங்க கண்ணயர்ற நேரம் பாத்து மேட்டுக்குப் போயிருவோம். மத்த மாசமா இருந்தா அந்த வெயில்ல மணல்ல கால் வைக்க முடியுமா? மழை பேஞ்சு ஓஞ்ச அந்த ரெண்டு மாசம்தான் மதியத்துலகூட மணல் குளுமையா இருக்கும். தலைமுடியில, காதுல, தாவணி மடிப்புலன்னு எல்லா இடத்துலயும் மணலோட திரும்பி வருவோம். உம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முற்றத்துலயே நிறுத்தித் தலையில ஒரு வாளித் தண்ணியை ஊத்துவாங்க. பெரிய பிள்ளையானப்புறம் போகக்கூடாதுன்னுட்டாங்க. என் தம்பி மட்டும் அதுக்கப்புறமும் போய்க்கிட்டு இருந்தான். அது இன்னைக்கும் எனக்கு மனசுல இருக்கு. உங்க பொண்ணை நல்லாச் சறுக்க விடுங்கம்மா.

தீவுக்காரன் (தங்கச்சிமடம்)

எங்க தீவுல தென்னைதான் அதிகம், அதனால எங்களுக்குத் தென்னை மட்டை. அடிப்பக்கம் அகலமா, குழிவா இருக்குற பகுதியில சின்னவனை உக்கார வச்சு, ஓலை நுனியைப் பிடிச்சு ரெண்டு பேர் இழுப்போம். இது சரிவுக்கு இல்ல, சமதளத்துக்கு. பந்தயமே நடக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மணல் அள்ளப் போறோம்னு சொல்லிட்டுப் போய், குடிலை மறந்துட்டு இருட்டுற வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கிடப்போம்.

தண்ணி விஷயத்துல உங்க அண்ணன் கட்சிதான் நான். இழுக்குற தடத்துல தண்ணி தெளிச்சா மட்டை லேசா வரும். நாங்க குடத்துல கொண்டு வந்து தெளிச்சிருக்கோம்.

பனங்காட்டான்

தண்ணி தெளிச்சா ஓலையில மணல் ஒட்டிக்கிரும் தம்பி. நனைஞ்ச ஓலை சறுக்காது. எங்க மேட்டுல மழை பேஞ்ச அன்னைக்கு யாரும் போக மாட்டோம். மறுநாள் வெயில் ஏறினப்புறம்தான்.

நாற்பத்தெட்டு மடை (ஆர்.எஸ்.மங்கலம்)

கடற்கரைக்காரங்க மட்டும்தான் சறுக்கினீங்கன்னு நெனைக்காதீங்க. எங்க ஊருக் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்"னு சொல்லுவாங்க, மாவட்டத்துலயே பெருசு. அதோட கரையில கார்த்திகை மழைக்கு அப்புறம் புல்லு முளைச்சு, அடியில களிமண்ணு வழுவழுன்னு இருக்கும். வெளிப்பக்கச் சரிவுல பனை ஓலையைப் போட்டு உக்காந்தா வயக்காட்டு வரப்பு வரைக்கும் போகலாம். எங்களுக்குத் தண்ணி தெளிக்கிற வேலையே இல்ல, வானம் தெளிச்சுரும்.

ஆனா நீர்ப்பாய்ச்சி பாத்தாருன்னா விரட்டுவாரு. சறுக்கிச் சறுக்கிப் புல்லு போயிட்டா அந்த எடத்துல மழைத்தண்ணி அரிச்சுக் கரை உடையும்னு திட்டுவாரு. அப்ப அவரு மேல கோவம் கோவமா வரும். இப்ப நானே கண்மாய்ப் பாசன விவசாயி, அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. யாரும் பிள்ளைகளைக் கண்மாய்க் கரையில சறுக்க விடாதீங்க.

மணல் வாத்தியார் (ராமநாதபுரம், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்)

தண்ணீர் வழக்கைப் படித்தேன். பனங்காட்டான் அவர்களும் தீவுக்காரத் தம்பியும் சொல்வது இரண்டுமே சரி. ஒருவர் சரிவைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் சமதளத்தைப் பற்றிப் பேசுகிறார்.

காய்ந்த மணலில் எதையாவது இழுத்தால், அதற்கு முன்னால் மணல் குவிந்துகொண்டே போகும். அந்தக் குவியலைத் தள்ளுவதற்குத்தான் பாதி பலம் போகிறது. மணலில் அளவாக ஈரம் இருந்தால், துகள்களுக்கு நடுவே நுண்ணிய நீர்ப்பாலங்கள் உண்டாகி அவற்றை இறுக்கிப் பிடிக்கும். மணல் கெட்டிப்படும், முன்னால் குவியாது. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சரியான ஈரத்தில் இழுப்பதற்கு வேண்டிய விசை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அளவுக்கு மேல் தண்ணீர் போனால் அந்தப் பிடிப்பு கெட்டு, மீண்டும் கடினமாகிவிடும். எகிப்தில் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறை ஓவியம் இருக்கிறது. பெரிய சிலை ஒன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றிப் பலர் இழுக்கிறார்கள். பலகையின் முனையில் நின்று ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் குடத்தில் கொண்டு வந்து தெளித்ததும் இதே வேலைதான்.

சரிவில் நிலைமை வேறு. மேலே காய்ந்து, அடியில் ஈரமாக இருக்கும் மணல்தான் அங்கே சிறந்தது. அடி ஈரம் மேட்டைக் கெட்டியாக வைத்திருக்கும், ஓலை புதையாது. மேல் அடுக்கு காய்ந்திருப்பதால் ஓலையில் மணல் ஒட்டாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் வந்த மறுநாள் நம் கடற்கரை மணல் இந்த நிலையில்தான் இருக்கும். நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் பெய்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் மேடு அடிவரை காய்ந்து, கால் முழங்கால் வரை புதையும். பனையடியில் ஓலை கிடைக்கும் மாதமும் மணல் பக்குவப்படும் மாதமும் ஒன்றாக அமைந்தது நம் ஊர்ப் பிள்ளைகளின் கொடுப்பினை.

அம்மா, உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர்த்தன்மை கொண்ட மிக மெல்லிய அடுக்கு உண்டு. அதனால் பத்து டிகிரிக்கும் குறைவான சரிவிலேயே அவளுடைய பிளாஸ்டிக் தட்டு ஓடும். மணலுக்கு அந்த வசதி இல்லை. இருபத்தைந்து, முப்பது டிகிரியாவது செங்குத்து வேண்டும். மணல்மேட்டின் காற்று மறைவுப் பக்கம் 32 முதல் 34 டிகிரி வரை தானாகவே சரிந்து நிற்கும். சிறிய மேடாக இருந்தாலும் பெரிய மேடாக இருந்தாலும் அந்தக் கோணம் மாறாது. காய்ந்த மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது.

வாடைக்காற்று

வாத்தியார் ஐயா, இதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிட்டேன். அதுவும் நானும் சமாதானம் ஆயிட்டோம். எங்க வீட்டு வாசல்ல மட்டை இழுத்ததை அது சொல்லியிருக்கு, நான் மேட்டைச் சொல்லியிருக்கேன்.

சின்னவன் கேக்குறான், குளிர் எவ்வளவு இருக்கும், கையுறை எடுக்கணுமான்னு.

கீழக்கரை லாத்தா

ராத்திரியிலகூட 23, 24 டிகிரிக்குக் கீழ பெருசா எறங்காதுன்னு சொல்லுங்கம்மா. கையுறை வேண்டாம். காதுக்குக் கட்ட ஒரு துண்டு போதும், வாடைக்காத்து காதுல போகும்.

பழைய தனுஷ்கோடி

பெயர் சொல்லவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பேரன் இந்த இழையைக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

நான் பிறந்தது தனுஷ்கோடியில். என் தகப்பனார் துறைமுகத்தில் சுமை தூக்கினார். மணல் எங்களுக்கு விளையாட்டுச் சாமான் மட்டுமில்லை, தினப்படித் தொல்லையும் அதுதான். காற்றடித்தால் தண்டவாளத்தின் மேல் மணல் ஏறிவிடும். ரயில்வே ஆட்கள் அள்ளி ஓரத்தில் குவித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குவியல்கள்தான் எங்கள் சறுக்குமேடு. பனை ஓலைக்கு எங்களிடம் பஞ்சம், பார்சல் வரும் மரப்பெட்டிகளின் பலகையும் பாயும்தான். பிய்ந்த ஓலைப்பாயைச் சுருட்டி முன்பக்கம் கயிறு கட்டி உட்காருவோம். போட் மெயில் வரும் சத்தம் கேட்டால் பெரிய பையன்கள் எல்லோரையும் தள்ளி நிறுத்துவார்கள். வண்டி போன பிறகுதான் அடுத்த சறுக்கு.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை வாரிக்கொண்டு போனது. அந்தப் பொழுதைப் பற்றி நான் இங்கே எழுத விரும்பவில்லை. என்னோடு பாயில் உட்கார்ந்து சறுக்கியவர்களில் சிலர் அதற்குப் பிறகு இல்லை. ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, நாங்கள் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தோம்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தனுஷ்கோடி என்றால் எல்லோரும் அந்த ஒரு இரவை மட்டும்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் அங்கே பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடம், கோவில், தேவாலயம், தபால் ஆபீஸ் எல்லாம் இருந்தன. சாயங்காலம் ஆனால் மணல் குவியலில் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரிப்போம். அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் பேரனை உட்கார வைத்தேன்.

தீவுக்காரன்

ஐயா, கும்பிடுறேன். எங்க அம்மாச்சியும் அந்தக் கரையிலருந்து வந்தவங்கதான். அவங்க இதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. பேரன் தம்பி, ஐயா சொல்றதை எல்லாம் எழுதி வச்சுக்கிட்டே இரு, நிறுத்தாத.

வாடைக்காற்று

ஐயா, நாங்க தனுஷ்கோடிக்கும் வர்றோம். பலகையும் பாயும் போன அந்த இடத்தைப் பத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

உப்புக்காற்று (மண்டபம்)

அம்மா, தனுஷ்கோடிக்குப் போங்க, சறுக்குறதை அங்க வச்சுக்காதீங்க. 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டப்புறம் வண்டி எக்கச்சக்கமா வருது. அதோட 2025 ஜூன்ல அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. உங்க பிள்ளைகளுக்குப் பூநாரையைத் தூரத்துல நின்னு காட்டுங்க, நீங்க வர்ற சமயத்துல கூட்டமா நிக்கும். தையிலருந்து பங்குனி வரைக்கும் பங்குனி ஆமையும் முட்டை போட ஏறும். வனத்துறை ஆளுங்க விடியக்காலையில தேடிப் போய் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறாங்க. கரை ஓரத்து மணல்ல குழி தெரிஞ்சா யாரும் மிதிக்கக்கூடாது.

உங்க வாலிநோக்கம் பக்கமே போதும். ஆனா நீங்க சின்ன வயசுல பாத்த உயரத்துக்கு மேடு இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. வீடு கட்டவும் பள்ளம் நிரப்பவும் பல எடத்துல மணலை அள்ளிட்டாங்க. சில எடத்துல சவுக்கு வச்சுட்டாங்க, சீமைக் கருவேலம் ஏறிருச்சு. கருவேல முள்ளு கிடக்குற சரிவுல ஓலைச் சறுக்கெல்லாம் நெனைச்சே பாக்க முடியாது.

பனங்காட்டான்

மணல் அள்ளுறதைப் பத்தி நானும் பேசணும்னு இருந்தேன். எங்க ஊர்ல அப்பத்தா எங்களை ஒரே ஒரு மேட்டுல மட்டும் ஏற விடாது. மத்த எந்த மேட்டுலயும் போ, அங்க மட்டும் போகாதன்னு கம்பை எடுத்துக்கிட்டு வரும். ஏன்னா அந்த மேட்டு அடியிலதான் ஊத்து. ஊர்ப் பொம்பளைங்க கையால மணலைத் தோண்டி, தண்ணி ஊறுற வரைக்கும் காத்திருந்து, சிரட்டையால மொண்டு குடத்துல ஊத்துவாங்க. ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் தெரியுமா? நாங்க மேல சறுக்குனா மணல் சரிஞ்சு ஊத்து மூடிரும். அடுத்து வர்ற பொம்பளை மறுபடி மொதல்லருந்து தோண்டணும். கடலு கூப்பிடு தூரத்துல இருக்கு, இந்தத் தண்ணி மட்டும் தேனா இனிக்கும்.

அந்த மேடு இப்ப இல்ல. ஊத்தும் உப்பாயிருச்சு. லாரியில தண்ணி வாங்குறோம்.

மணல் வாத்தியார்

பனங்காட்டான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மணல்மேட்டில் விழும் மழை ஓடிப் போவதில்லை, அப்படியே உள்ளே இறங்கிவிடும். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைவு. அதனால் அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதந்து தங்குகிறது. மேடு உயரமாக இருந்தால் அந்த நன்னீரும் ஆழமாக நிற்கும். மேட்டை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீர் தங்க இடமில்லை, உப்பு மேலேறிவிடும். மணல் போனால் திரும்பவும் குவியும் என்று சிலர் சொல்வார்கள். காற்று கொண்டுவந்து சேர்க்கப் பல தலைமுறைகள் ஆன மணல் அது.

சட்டமும் இதை ஒத்துக்கொள்கிறது. 2011, 2019 ஆகிய இரண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளிலும் மணல்மேடுகள் மிகவும் பாதுகாக்கப்பட வேண்டிய முதல் வகையில் வருகின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் ஊரில் லாரி வந்து மணல் அள்ளினால் நாள், நேரம், படத்தோடு அந்தக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நிற்காது.

தேரிக்காட்டுப் பிள்ளை (திருச்செந்தூர் பக்கம்)

எங்க ஊருப் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்குல்லா, செக்கச்செவேல்னு. நாங்களும் ஓலையிலதான் சறுக்குவோம், வீட்டுக்கு வந்தா வேட்டி சட்டையெல்லாம் காவிதான். உங்க வெள்ளை மணலைப் பாத்தா ஆசையா இருக்கு.

ஒரு யோசனை. வெளிநாட்டுல எல்லாம் மணல்ல நின்னுக்கிட்டே சறுக்குற பலகையை வாடகைக்கு விடுதாங்க. நம்ம பக்கமும் அதை ஆரம்பிச்சா பனை மரத்துக்காரங்களுக்கும் ஊருப் பிள்ளைகளுக்கும் நாலு காசு வருமே?

உப்புக்காற்று

அண்ணே, மனசு நல்ல மனசுதான், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். ஊருப் பிள்ளைங்க லீவுல சறுக்குறதுக்கும் பஸ் பஸ்ஸா கூட்டம் வந்து சறுக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. மேட்டைக் கட்டி வச்சிருக்கிறதே அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அது ரெண்டும் மிதிபட்டுச் செத்தா அடுத்த கச்சான் காத்துல மேடு கலைஞ்சுரும். காசு வேணும்னா ஓலைக்கு வரட்டும். ஓலைப்பெட்டி, கொட்டான் முடையுற பொம்பளைகள்கிட்ட வாங்குங்க.

தேரிக்காட்டுப் பிள்ளை

கொடியைப் பத்தி நீங்க சொல்லுதது சரிதான், அதை நான் நெனைக்கல. தேரியில அந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இல்ல, இது கடலோர மேடு.

கீழக்கரை லாத்தா

இராவணன் மீசைன்னதும் ஒண்ணு. அந்தப் புல்லோட முள்ளுப் பந்து காத்துல உருண்டு வந்து சரிவுல கிடக்கும். சறுக்குறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர் தடம் முழுக்க மேலருந்து கீழ நடந்து பாக்கணும். உடைமரம் இருக்குற பக்கம் போகவே வேண்டாம், வெள்ளையா நீளமா இருக்குற அந்த முள்ளு செருப்பையே துளைக்கும்.

அதைவிட முக்கியம், மணல்ல குகை தோண்டி உள்ள உக்காந்து விளையாட விடாதீங்க. அடியில ஈரமா இருக்குறதால நிக்கிற மாதிரி தெரியும், காஞ்சதும் மொத்தமாச் சரியும். தலைக்கு மேல மணல் விழுந்தா பெரிய ஆளாலயே எந்திரிக்க முடியாது. வாடைக்காற்று அம்மா, பிள்ளைங்க பனியில குகை தோண்டிப் பழகியிருப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லி வச்சுருங்க.

வாடைக்காற்று

லாத்தா, நல்லவேளை சொன்னீங்க. சின்னவன் போன வருஷம் பனியில தோண்டி உள்ள போய் உக்காந்தவன்தான். இன்னைக்கே சொல்லிடுறேன்.

எந்தப் பக்கச் சரிவுல சறுக்கணும்? கடலைப் பாத்தா, ஊரைப் பாத்தா? எனக்கு ஊர்ப் பக்கம்னுதான் நெனைவு, கீழ வந்து நிக்கிறப்ப பனைதான் எதுக்க நிக்கும்.

பனங்காட்டான்

ஊர்ப் பக்கம்தான். வைகாசியிலருந்து ஆவணி வரைக்கும் அடிக்கிற கச்சான் காத்து கடல்லருந்து மணலை ஏத்தி ஊர்ப் பக்கம் கொட்டுது. அதனால கடல் பக்கம் மெதுவா ஏறும், ஊர்ப் பக்கம் செங்குத்தா எறங்கும். கடல் பக்கமா நடந்து ஏறுங்க, ஊர்ப் பக்கமாச் சறுக்குங்க. எந்தப் பிள்ளையும் தண்ணிக்குப் போயிருமோன்னு பயம் இல்ல. வாடை அடிக்கிற மாசத்துல உச்சி மட்டும் கொஞ்சம் மழுங்கி இருக்கும், மொதல்ல போறவங்களுக்கு மெதுவா இருக்கும். பெரிய ஆளு ஒருத்தரு ரெண்டு தரம் போய்த் தடம் போட்டுட்டா அப்புறம் பிள்ளைங்களுக்கு ஜோரா ஓடும்.

போன வாரம் மூக்கையூருக்கு ஒரு வேலையாப் போனப்ப பாத்தேன். பனைக்கூட்டத்தை ஒட்டி ஒரு மேடு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல இருக்கும். ஊத்து எதுவும் இல்ல, ஊருல விசாரிச்சுட்டேன். கொடி படர்ந்த பக்கத்தை விட்டுட்டு மொட்டை மணல் பக்கம் ஒரே தடத்துல சறுக்கலாம்.

வாடைக்காற்று

அண்ணே, என்ன சொல்றதுன்னே தெரியல. பெரியவ இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்கா. தமிழ் படிக்க வராது, பேசுனா புரியும். "ரெண்டு ஆள் உயரம்"னதும் எந்திரிச்சு நின்னுட்டா. ஓலைக்கு என்ன பண்றது? நாங்க வர்றது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அப்ப மரம் கழிச்சிருப்பாங்களா?

பனங்காட்டான்

எங்க மரத்துல இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே கழிக்கச் சொல்லியிருக்கேன். முன்ன மாதிரி மரமும் இல்ல, ஏறுற ஆளும் இல்ல. செங்கல் சூளைக்கு வெட்டி வெட்டி முடிச்சாங்க. 2021-லருந்து பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு ஆக்கியிருக்காங்க, அதுக்கப்புறம் எங்க பக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மிச்சம் இருக்குறது எங்க அய்யா ஏறின மரம், இன்னும் நான் ஏறுறேன்.

பிள்ளைங்க உசரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க, காம்பை அதுக்குத் தகுந்த நீளத்துல வெட்டணும். நீளமா இருந்தா நெஞ்சுல குத்தும். உங்களுக்கும் ஒண்ணு சேத்துத்தான் எடுத்து வைக்கிறேன். கருக்கை நானே சீவி வச்சுருவேன், பழைய துணி மட்டும் நீங்க கொண்டு வாங்க. மழை பேஞ்சா அன்னைக்கு வேண்டாம், மறுநாள் ஒம்பது மணிக்கு மேல வாங்க, அப்பதான் மேல் மணல் காஞ்சிருக்கும்.

நாற்பத்தெட்டு மடை

நாங்களும் வரலாமா? எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. கண்மாய்க் கரைப் பக்கமே நான் விடுறதில்ல, அதனால இன்னும் ஒரு தடவைகூடச் சறுக்குனதில்ல.

பனங்காட்டான்

வாங்க, வாங்க. அதுக்கும் உசரம் சொல்லிருங்க.